கூடையில் இரண்டு தட்டு

"லிதியா மேல படுத்திருக்கா. ரயில்ல வந்தது தலையைச் சுத்துதாம்" என்றார் ஒரெஸ்தே.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. டூரினில் ரயில் கிளம்பியதிலிருந்து அவர் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது வேறு. 'லிதியா ஏப்ரலில் இறந்துவிட்டாள்' என்பதுதான் அது. சின்ன வாக்கியம். எதிர் சீட்டுக்காரர் இறங்கிப் போன பிறகு வாய்விட்டுக்கூட ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். சரியாகத்தான் வந்தது. கடலோர ஊரான காலாமுராவில் பஸ்ஸைவிட்டு இறங்கி, வெளிப்படிக்கட்டு வழியாக இரண்டு பெட்டிகளையும் மேலறையில் வைத்துவிட்டு, கீழே, ரூமை வாடகைக்கு விடுகிற பாமிராவின் சமையலறை வாசலில் வந்து நின்றதும் அந்த வாக்கியம் காணாமல் போய்விட்டது.

இத்தனைக்கும் லிதியா எங்கே என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.

பாமிரா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். கண் நிறையத் தண்ணீர். கத்தியை வைத்துவிட்டு, ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு, அவரை ஏற இறங்கப் பார்த்தாள். பெல்ட்டில் புதிதாகக் குத்தியிருந்த ஓட்டையைப் பார்த்தாள். அந்தக் கால்சட்டைக்குள் இன்னொரு ஒரெஸ்தேவை இறக்கலாம் போலிருந்தது.

"படுத்திருக்காளா" என்றாள். "சரி, படுக்கட்டும். ரெண்டு பேருக்கும் கூடையில வைக்கிறேன். தட்டு மட்டும் காலியா இறங்கணும். மிச்சம் வெச்சா எனக்கு ஆகாதுன்னு லிதியாவுக்குத் தெரியும்."

ஒரெஸ்தே நல்ல மனிதர். வேலை பார்த்த காலமெல்லாம் டிராம் ஓட்டினார். யார் மீதும் மோதியதில்லை, யாரிடமும் குரல் உயர்த்தியதில்லை. ஒரே ஒரு குறை, கெட்ட செய்தி சொல்ல அவருக்கு வாய் வராது. வீட்டுப் பூனை செத்துப்போனபோது பக்கத்து வீட்டுப் பெண் எப்போது கேட்டாலும் அது தூங்குகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ஆண்டு முழுவதும் தூங்கிய பூனை அது. மாமியார் இறந்த செய்தி அவருக்குத்தான் முதலில் வந்தது. லிதியாவைக் கூப்பிட்டு, "உங்கம்மாவுக்குக் கொஞ்சம் காய்ச்சல்" என்றார். அவள் அவர் முகத்தைப் பார்த்தே கறுப்பு உடையை எடுத்துவிட்டாள்.

அதனால் அந்தக் குடும்பத்தில் கெட்ட செய்தி இலாகா லிதியாவுடையது. டெலிபோனை எடுத்து, ஆள் யாரோ அதற்கேற்ற குரலில், நறுக்கென்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாள். அப்படிச் சொல்லுகிறவள் போய்விட்டாள், இனி யார் சொல்வது? டூரினில் அவளுடைய அக்கா சொன்னாள். சுவரில் கறுப்புக் கட்டம் போட்ட நோட்டீஸ் சொன்னது. பேக்கரியில் இருந்தவர்கள் தாங்களாகவே தெரிந்துகொண்டு அவருக்கு ரொட்டியைக் கனிவாகச் சுற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கனிவு அவருக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரங்களில் ஒருநாள் அவர் பேப்பர் வாங்கிக்கொண்டு திரும்பியபோது லிதியா டெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். "பாமிராகிட்டப் பேசினேன். ஆகஸ்ட்டுக்கு ரூம் சொல்லிட்டேன்" என்றாள். ஒரெஸ்தேவுக்கு அன்றைக்குச் சந்தோஷத்தில் நிலைகொள்ளவில்லை. ஆகஸ்ட்டுக்கு ரூம் சொன்னவள் ஆகஸ்ட்டுக்கு இருக்கத்தானே போகிறாள்? டாக்டரைக்கூட அவர் சற்று இளப்பமாகப் பார்த்தார்.

இப்போது ஆகஸ்ட் வந்துவிட்டது. சொன்ன ரூமும் இருந்தது. டூரினில் லிதியா எல்லா இடத்திலும் இறந்து போயிருந்தாள், படுக்கையில், மாடிப்படியில், மார்க்கெட்டில். இந்தக் காலாமுரா ஒன்றில்தான் அவள் இன்னும் சாகவில்லை. வருஷா வருஷம் வந்த ஊர். இங்கேயும் தன் வாயாலேயே அவளைக் கொல்லவேண்டுமா என்று ஒரெஸ்தேவுக்கு இருந்தது. நாளைக்குச் சொல்லலாம், கெட்டுப்போகிற செய்தியா என்ன?

எங்கள் சந்தில் பாதி வீடுகளுக்கு லிஃப்ட் என்றால் கூடைதான். பாமிராவுக்கு மூட்டு வலி. மேலறைக்கு ஏறி வருஷக்கணக்காகிறது. பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கினால் சாப்பாட்டை வைத்துக் குரல் கொடுப்பாள். ஒரெஸ்தே இழுத்தார். ரொட்டித்தூளும் முட்டையும் மூலிகையும் அடைத்துப் பொரித்த நெத்திலி, தக்காளி, ரொட்டி. இரண்டு தட்டு.

ஏப்ரலிலிருந்து அவருடைய சாப்பாடு பாலில் தோய்த்த ரொட்டிதான், அதுவும் யாராவது ஞாபகப்படுத்தினால். ஒரு தட்டை முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. இன்னொரு தட்டு அப்படியே இருந்தது. கட்டிலுக்கடியில் ஒளித்துவைக்கலாமென்றால் ஆகஸ்ட் வெயிலில் நெத்திலி ஊரைக் கூட்டிவிடும். மிச்சத்தோடு இறக்கினால் லிதியாவுக்கு என்ன என்று பாமிரா கேட்பாள். கேட்டால் சொல்லவேண்டிவரும்.

ஒரெஸ்தே அந்தத் தட்டையும் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்தபின் இன்னொன்று ஞாபகம் வந்தது. லிதியா தட்டை ரொட்டியால் வழித்துத் துடைத்துவிடுவாள், கழுவின மாதிரி இருக்கும். அவர் அப்படியே துடைத்தார். துடைத்த தட்டைப் பார்த்ததும் அவள்தான் சாப்பிட்டு வைத்துவிட்டுப் போனாள் என்று ஒரு கணம் தோன்றியது. நெஞ்சை அடைத்தது. அது நெத்திலியாகவும் இருக்கலாம்.

மறுநாள் கடற்கரை. எங்கள் கடற்கரையில் குடைக்கு அடியில் இருக்கும் இடம் வீடு மாதிரி. அப்பா உட்கார்ந்த குடையடியில் மகன் உட்காருவான், அவனுக்குப் பிறகு அவன் மருமகள். இரண்டாம் வரிசையில், படகு இழுக்கும் சரிவுக்குப் பக்கத்துக் குடை ஒரெஸ்தேவுடையது. குடைக்காரன் அத்தீலியோ வழக்கம்போல இரண்டு சாய்வு நாற்காலி விரித்து, மணலைத் தட்டிவிட்டு நின்றான். அவனும் ஒன்றும் கேட்கவில்லை.

"லிதியா வந்துட்டே இருக்கா" என்றார் ஒரெஸ்தே.

"வரட்டும் அண்ணே. கடல் எங்க போயிடப் போகுது" என்றான் அத்தீலியோ, குடையைத் திருப்பிக்கொண்டே.

காலி நாற்காலி பக்கத்தில் இருப்பது அவருக்கு உறுத்தியது. பெட்டியில் அவளுடைய சாமான் எல்லாம் இருந்தது. வருஷா வருஷம் அவள் அடுக்குகிற மாதிரியே அவரும் அடுக்கிக்கொண்டு வந்திருந்தார், ஏன் என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மேலறைக்குப் போய் வைக்கோல் தொப்பியையும் துண்டையும் பாதி படித்த புத்தகத்தையும் எடுத்துவந்து நாற்காலியில் பரப்பினார். பார்த்தால் ஆள் இப்போதுதான் எழுந்து போன மாதிரி இருந்தது. ஆனால் துண்டு காய்ந்து கிடந்தது. கடலுக்குப் போனவள் துண்டு காய்ந்திருக்குமா? யாரும் பார்க்காத சமயம் அதைக் கடலில் முக்கிப் பிழிந்து போட்டார். இப்போது திருப்தியாக இருந்தது.

அந்தத் திருப்தி காற்றுக்குப் பொறுக்கவில்லை. தொப்பியைத் தூக்கிக்கொண்டு போய்க் கடலில் போட்டது. கடற்கரையே எழுந்துவிட்டது. சீட்டாடிக்கொண்டிருந்த கிழவர்கள் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஓடினார்கள். ஒரு தடித்த பெண்மணி குழந்தையை யாரிடமோ திணித்துவிட்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினாள். வைக்கோல் தொப்பிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று ஒரெஸ்தேவுக்கே ஆச்சரியம். கடைசியில் அத்தீலியோ சட்டையோடு பாய்ந்து பிடித்துக்கொண்டு வந்தான். வந்தவன் உடனே கொடுக்கவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட அதை மார்போடு வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றான்.

"அக்கா தொப்பி" என்றான்.

"ஆமாம். அவ... குளிச்சிட்டு ரூமுக்குப் போயிட்டா" என்றார் ஒரெஸ்தே.

எங்கள் ஊரில் கடற்கரையில் சொன்னது சந்துக்குப் போய்ச் சேர அதிக நேரம் ஆகாது. அவர் வீடு திரும்பும்போது பாமிரா வாசலில் நின்றாள். தலைசுற்றலோடு படுத்திருந்தவள் கடலில் இறங்கினாளா என்று கேட்டாள். அதனால்தான் இப்போது காய்ச்சல் என்றார் ஒரெஸ்தே. உடனே அவருக்கு மாமியார் ஞாபகம் வந்தது. செத்தவர்களுக்கெல்லாம் காய்ச்சல் என்று சொல்வதே தனக்குத் தொழிலாகப் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது.

காய்ச்சல் என்றால் பத்தியம். அன்றைக்குக் கூடையில் ஒரெஸ்தேவுக்கு மஸ்ஸல் சிப்பியும் பாஸ்தாவும் வந்தன, லிதியாவுக்குக் காய்கறி சூப்பும் ஆலிவ் எண்ணெய் ஊற்றிய சாதமும் வந்தன. காய்ச்சலில் இளைத்துவிடக் கூடாதென்று முட்டை அடித்த பாலும் வந்தது. ஒரெஸ்தே கட்டிலில் உட்கார்ந்து காய்ச்சல்காரியின் சாப்பாட்டையும் தன் சாப்பாட்டையும் மாறி மாறிச் சாப்பிட்டார். "நீ போனதும் போன, இப்படி என்னைத் தின்னவெச்சே கொல்றியே" என்று காலித் தலையணையைப் பார்த்துச் சொன்னார். ஏப்ரலுக்குப் பிறகு அவளோடு அவர் பேசியது அதுதான் முதல் தடவை. பேசியது நன்றாக இருந்தது. அதனால் பாக்கிச் சாப்பாட்டையும் அவளைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டார்.

ஒருநாள் முடியவே இல்லை. பாமிரா சீமைச் சுரைக்காய்ப் பூவை மாவில் தோய்த்துப் பொரித்து ஒரு மலை அனுப்பியிருந்தாள். லிதியாவின் பங்கை அவர் பால்கனி ஓரமாக நகர்த்தி, கடற்காக்கைக்கு ஒன்று போட்டார். அந்தக் கடற்காக்கை போய் உறவுக்காரர்களையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது. பால்கனியில் சிறகும் கூச்சலுமாக ஒரே களேபரம். சந்தே தலையைத் தூக்கிப் பார்த்தது. பாமிராவும் வாசலுக்கு வந்தாள்.

"லிதியாதான் பறவைக்குப் போடச் சொன்னா" என்றார் ஒரெஸ்தே, தட்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு.

"தன் பங்கையா போட்டுட்டா? அவ குணம் எனக்குத் தெரியாதா" என்றாள் பாமிரா. "கூடையை இறக்குங்க. அவளுக்கு இன்னொரு தட்டு வைக்கிறேன்."

அதற்குப் பிறகு அவர் பறவைகள் பக்கம் போகவில்லை. பெல்ட்டைப் பழைய ஓட்டைக்கு மாற்றவேண்டி வந்தது. அவர் அதைக் கவனிக்கக்கூட இல்லை, வயிறு கனத்தால் விரல் தானாக அடுத்த ஓட்டைக்குப் போகிறது.

அவருக்கு இருந்த கவலை வேறு. ஒருத்தி ரூமிலேயே இருந்தால் துணியாவது காயவேண்டாமா? லிதியாவின் நீலப் புள்ளிபோட்ட கவுனைத் தொட்டியில் நனைத்து, பால்கனிக் கொடியில் போட்டார். பிழியத்தான் மறந்துபோனார். இல்லை, மறக்கவில்லை. அவளுடைய துணியைப் பிழிய அவருக்கு மனம் வரவில்லை. கவுன் தாரை தாரையாகச் சொட்டியது. கீழே போன பங்குச்சாமியின் வழுக்கைத் தலையில் சொட்டியது.

சில்வானோ சாமி மலைப்பக்கத்து ஊரிலிருந்து ஜூனில்தான் எங்களிடம் வந்தவர். தங்கமான மனிதர். ஆனால் அவரிடம் இன்றைக்கு ஒன்று சொன்னால் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் மைக்கில் வரும். அதனால் ஊரில் அவரிடம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

"யார் வீட்டுத் துணி?" என்று அண்ணாந்து கேட்டார் சாமி.

"என் மனைவியோடது சாமி. உடம்பு சரியில்ல, அதான் சரியா பிழியலை."

"உடம்பு சரியில்லையா? என்கிட்ட யாருமே சொல்லலையே." சாமி தலையைத் துடைத்துக்கொண்டார். முகத்தில் அவ்வளவு சந்தோஷம். வந்த ஊரில் தனக்கும் ஒரு வேலை கிடைத்த சந்தோஷம். "அப்ப மாதா உங்க வீட்டு முன்னாடி நிப்பாங்க."

பதினைந்தாம் தேதி திருநாளன்று மாதா சுரூபத்தைப் படகில் ஏற்றிக் கடலைச் சுற்றிக் கொண்டுவந்து, மீனவர்கள் தோளில் சந்து சந்தாகத் தூக்கிப் போவார்கள். எந்த வீட்டில் நோயாளி இருக்கிறாரோ அந்த வீட்டின் முன் சுரூபம் நிற்கும். நோயாளி பால்கனிக்கு வரவேண்டும். முடியாதவர்களை நாற்காலியோடு தூக்கிவந்து காட்டுவார்கள். ஊர் முழுக்கக் கீழே நின்று ஜெபம் சொல்லும்.

திருநாளுக்குள் சரியாகிவிடும் சாமி, அவள் எழுந்துவிடுவாள் என்று ஒரெஸ்தே அவசரமாகச் சொன்னார்.

"எழுந்துட்டா இன்னும் நல்லது. நன்றி சொல்ல நிக்கலாம்" என்றார் சாமி.

திருநாள் வரை ஒரெஸ்தே சரியாகத் தூங்கவில்லை. ஆனால் சாப்பிட்டார், சாப்பிடாமல் இருக்க வழியில்லையே. திருநாள் காலையில் ஒரு யோசனை வந்தது. நல்ல யோசனையாகத்தான் பட்டது. பாமிராவின் சமையலறைக்குப் போய், லிதியாவின் அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்று போன் வந்ததாகவும், லிதியா முதல் பஸ்ஸில் டூரினுக்குக் கிளம்பிப் போய்விட்டதாகவும் சொன்னார். பெட்டிகூட எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவு அவசரம் என்றார்.

பாமிரா அடுப்பிலிருந்து திரும்பவில்லை. "இன்னிக்குத் திருநாள். பஸ் கிடையாதே, ஒரெஸ்தே" என்றாள். அவள் குரலில் கேலி இல்லை.

ஒரெஸ்தே வாசலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார்.

"அப்ப மேலதான் இருப்பா" என்றார்.

"இருக்கட்டும்" என்றாள் பாமிரா. "ரெண்டு பேருக்கும் முயல் வறுக்கிறேன்."

சாயங்காலம் படகுகள் கரை ஒதுங்கின. பேண்டு வாத்தியம் கேட்டது. சந்து முனையில் மாதாவின் கிரீடம் தெரிந்ததும் ஒரெஸ்தே கடைசி வழியில் இறங்கினார். தரை துடைக்கும் மாப்பை நாற்காலியில் சாய்த்துவைத்தார். புள்ளிபோட்ட கவுனை அதற்கு மாட்டினார். தொப்பியை மேலே வைத்தார். நாற்காலியை ஜன்னல் கதவுக்குப் பின்னால் இழுத்து, கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். கீழேயிருந்து பார்த்தால் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள் என்றுதான் தெரியும். மாப் ஒரு பக்கமாகச் சரிந்தது. லிதியாவும் உட்கார்ந்தபடியே தூங்கினால் அந்தப் பக்கமாகத்தான் சரிவாள். அவர் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு, தோளை நீவிவிட்டார்.

பேண்டு நின்றது. சுரூபமும் வீட்டு முன்னால் நின்றது. தூக்கி வந்தவர்களில் அத்தீலியோவும் ஒருவன். சந்து முழுக்கத் தலைகள், கையில் மெழுகுவர்த்திகள். சாமி மைக்கைப் பிடித்தார்.

"இந்த வீட்டுல நம்ம சகோதரி லிதியா படுக்கையில இருக்காங்க. அவங்க எழுந்து நடமாடணும்னு வேண்டிக்குவோம்."

மற்ற வீடுகளின் முன் இடிபோல ஜெபம் சொன்ன ஊர் இந்த வீட்டின் முன் வாயைத் திறக்கவில்லை. சாமியின் குரல் மட்டும் ஒலிபெருக்கியில் தனியாகப் போய்க்கொண்டிருந்தது. லிதியா எழுந்து நடமாட வேண்டும், லிதியா பழையபடி சிரிக்க வேண்டும், லிதியா கணவனோடு கடற்கரைக்கு வர வேண்டும்.

ஒரெஸ்தே கதவுக்குப் பின்னால் நின்று கேட்டார். ஏப்ரலில் ஆஸ்பத்திரி நடையில் நின்றுகொண்டு அவர் வேண்டியதும் இதேதான், ஏறக்குறைய இதே வார்த்தைகள். அப்போது கேட்டுக் கிடைக்காததை இப்போது ஒரு ஊரையே நிற்கவைத்து, மாதாவையும் நிற்கவைத்து, ஒரு மாப்புக்காகக் கேட்கவைக்கிறோமே என்று அவருக்குத் தாங்கமுடியாமல் போயிற்று. தொப்பியை எடுத்துக்கொண்டார். கதவை முழுக்கத் திறந்துகொண்டு பால்கனிக்கு வந்தார்.

"சாமி, வேண்டாம். அவ எழுந்திருக்க மாட்டா."

"அவ்வளவு முடியலையா?" என்றது ஒலிபெருக்கி.

"இறந்துட்டா. ஏப்ரல்லயே இறந்துட்டா. எனக்குத்தான்..." தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "எனக்குத்தான் சொல்ல வரலை."

கூட்டம் திடுக்கிடும், யாராவது கத்துவார்கள், தன்னைப் பைத்தியம் என்பார்கள் என்று அவர் எதிர்பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. மைக் ஒரு கிறீச்சலோடு சாமியின் கையிலிருந்து விழுந்தது, திடுக்கிட்டவர் அவர் ஒருவர்தான். ஆண்கள் எல்லோரும் ஒன்றாகத் தொப்பியைக் கழற்றினார்கள். சுரூபத்தைத் தாங்கிய அத்தீலியோவுக்குக் கை ஒழியவில்லை, தலையைக் குனிந்துகொண்டான். பாமிரா தன் வாசலில் நின்றபடி இறந்தவர்களுக்கான ஜெபத்தைத் தொடங்கினாள். சந்து முழுக்க ஒரே குரலாக அவளோடு சேர்ந்தது. சாமி கடைசியாகச் சேர்ந்தார்.

ஒரெஸ்தே அழுதார். ஆஸ்பத்திரியில் அழவில்லை, அடக்கத்தில் அழவில்லை. இப்போது ஊர் முன்னால், பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, குழந்தை மாதிரி வாய்விட்டு அழுதார்.

பேண்டு அடுத்த சந்துக்குப் போன பிறகு வெளிப்படிக்கட்டில் சத்தம் கேட்டது. பாமிரா ஒவ்வொரு படியாக, சுவரைப் பிடித்துக்கொண்டு, மூட்டைத் திட்டிக்கொண்டு ஏறி வந்தாள். அறைக்குள் நுழைந்தவள் நாற்காலியில் கவுன் போட்ட மாப்பைப் பார்த்து நின்றாள்.

"இது யாரு?"

"லிதியா" என்றார் ஒரெஸ்தே.

பாமிரா கவுனின் கையைப் பிடித்துப் பார்த்தாள். "ரொம்ப இளைச்சுட்டா" என்றாள். சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்து, ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவருக்குத் தெரியவில்லை. தோள் இரண்டும் குலுங்கிக்கொண்டிருந்தன. அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அவ்வளவு நேரமும் தொப்பி அவர் மடியில் இருந்தது.

மறுநாள் அவர் வெறுங்கையோடு கடற்கரைக்குப் போனார். தொப்பி, துண்டு, புத்தகம் ஒன்றும் எடுத்துப் போகவில்லை. குடைக்கு அடியில் வழக்கம்போல இரண்டு நாற்காலி. சீட்டாடுகிற கிழவர்கள் தலையசைத்தார்கள். நடந்ததைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த ஊர்க்காரர்களுக்கு எவ்வளவு பெரிய மனது, இத்தனை பொய் சொன்னவனைக் கோபிக்கக்கூட இல்லையே என்று ஒரெஸ்தே நினைத்துக்கொண்டார்.

"அத்தீலியோ, ஒரு நாற்காலியை எடுத்துடுப்பா. இனிமே ஒண்ணு போதும்" என்றார்.

அத்தீலியோ அவர் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, லிதியாவின் நாற்காலியை மெதுவாக மடக்கினான். அதிலிருந்த மணலைத் தட்டினான். ஒட்டாத மணலையும் தட்டினான்.

"அண்ணே, இன்னிலேர்ந்து பாமிராவும் கூடையில ஒரு தட்டுதான் வைப்பா. தப்பா எடுத்துக்காதீங்க. அப்படித்தான் பேச்சு."

"யாரோட பேச்சு?"

அத்தீலியோ நாற்காலியைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"லிதியா அக்காவோட பேச்சுதான் அண்ணே. ஈஸ்டருக்கு முன்னாடியே, ரூம் சொல்ல பாமிராவுக்குப் போன் பண்ணினப்பவே சொல்லிட்டாங்க. 'நான் போயிட்டேன்னு அவருக்குச் சொல்ல வராது, மேல படுத்திருக்கா, கடலுக்குப் போயிருக்கான்னு ஏதாவது சொல்லுவார். நீங்க நம்புங்க, அவரா சொல்ற வரைக்கும் ரெண்டு தட்டு வைங்க. தனியா இருந்தா சாப்பிட மாட்டார், பொய்யைக் காப்பாத்தவாவது ரெண்டையும் சாப்பிட்டுடுவார்'னு சொன்னாங்க."